மூன்று தரம் கூப்பிட்ட பிள்ளை

அக்கா,

நாளைக்குப் பெயின்ட் அடிக்க வருகிறார்கள் என்று இன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் தொங்குகிற போர்டில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொன்னாலும், தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போன பிறகு கைப்பிள்ளைகள் கிடக்கிற அதே ஒற்றை அறைதான். சுவரோர அலமாரியை இழுத்தபோது பின்னாலிருந்து ஒரு யோகட் கப் உருண்டு வந்தது. வாயைச் சுற்றிப் பிளாஸ்டர், உள்ளே தேயிலைக் கொட்டை. நீங்கள் இங்கே பிள்ளை பார்த்த காலத்தில் செய்த கிலுகிலுப்பை. ஒன்பது வருசத் தூசியைத் துடைத்துவிட்டு ஆட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. பாயில் கிடந்த ஒரு பிள்ளை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

இதைக் குப்பையில் போடச் சொன்னவள் நான். சுகாதாரமில்லை, கொட்டை வெளியே வந்தால் தொண்டையில் சிக்கும் என்று பெரிய உத்தியோகத்தர் மாதிரிச் சொன்னேன். நீங்கள் "சரிங்க மிஸ்" என்று தலையாட்டிவிட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். கள்ளி. இவ்வளவு நாள் கழித்துப் பிடிபட்டிருக்கிறீர்கள், திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

நான் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி முடித்து, நோர்வூட் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக வந்தபோது கையில் ஒரு படம் கொண்டு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பிள்ளையின் மூளைப் படம். அதைச் சுவரில் மாட்டி, தாய்மாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் சொன்னேன். முதல் இரண்டு மூன்று வருசத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது, பிள்ளை ஒரு சத்தம் போட்டால் நாம் பதில் சத்தம் போட வேண்டும், அந்தப் போக்குவரத்தில்தான் உள்ளே இழை இழையாக இணைப்பு விழுகிறது என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் பின்வரிசையில் ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அது "ங்கா" என்றால் "ம்ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று நான் அதட்டினேன். "நான் எங்க மிஸ் பேசுறேன், இவன்தான் வாய மூட மாட்டேங்குறான்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அரைமணி நேரம் படத்தைக் காட்டிச் சொன்னதை நீங்கள் அங்கேயே செய்துகொண்டிருந்தீர்கள். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

அப்போது பால் நேரம் கால்மணி. தாய்மார் கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஓடி வருவார்கள். மழைக்குக் கட்டிய, நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட நேரமிருக்காது. நீங்கள் விடமாட்டீர்கள். அதை அவிழ்க்க வேண்டும், கையைச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், பால் கொடுத்து முடித்த பிறகு பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு அது ஏதாவது சொல்லும்வரைக்கும் இருக்க வேண்டும். அது ஒரு சத்தம் போட்டு, தாய் ஒரு பதில் சொன்னால்தான் வாசலை விட்டு விலகுவீர்கள். அவசரப்பட்டு எழும்புகிறவளிடம், "பால மட்டும் குடுத்துட்டுப் போறதுக்கு இது என்ன மாட்டுப்பட்டியா? ரெண்டு வார்த்த பேசிட்டுப் போடி" என்பீர்கள். கால்மணி அரைமணியாகும். மலையில் கங்காணி கத்துவார். கொழுந்து குறைந்தால் அவர்களுக்கு அன்றைக்கு அரைப்பேர், பாதிநாள் கூலிதான் விழும். அதை நினைத்துத்தான் நான் கண்டிப்பாக இருந்தேன் என்று ரொம்பநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

மீதிப் பாதி என் மகள். எட்டு மாதத்தில் அவளையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன். அவள் அப்பா கொழும்பில் கடையில் நின்றார், தீபாவளிக்கும் மாதக் கடைசிக்கும்தான் வருவார். அவளை உங்கள் பாயில் விட்டுவிட்டு நான் பக்கத்து மேசையில் ரெஜிஸ்டர் எழுதுவேன். ஒருநாள் இரண்டு தாய்மார் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். நான் குனிந்த தலை நிமிரவில்லை. நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"மிஸ், பாப்பா உங்களத்தான் கூப்பிடுது. மூணு தரம் கூப்பிட்டுருச்சு. திரும்பிப் பாக்காட்டி நாலாவது தரம் கூப்பிடாது."

அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவள், அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்டுக்கொள்வதா என்ற திமிர். அந்த வாரமே மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து, பிள்ளைக்காரப் பெண்கள் ஏன் மலைக்குப் பிந்தி வருகிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டது ஒரு வாய்வார்த்தைதான். நான் எழுத்தில் கொடுத்தேன். பால் நேரத்தை மீறித் தாய்மாரை நிறுத்திவைக்கிறார், சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, அழுக்குச் சாமான்களை விளையாடக் கொடுக்கிறார். ஒவ்வொரு வரியும் நடந்ததுதான், பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மூளைப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதினேன் அக்கா.

அடுத்த மாதம் நீங்கள் கொழுந்துக் கூடையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்றீர்கள். உங்கள் இடத்துக்கு வந்த பெண் சுத்தமானவள், நேரம் தவறாதவள். தாய்மார் வந்தார்கள், பால் கொடுத்தார்கள், போனார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் அறை அமைதியாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். நானும் பெருமைப்பட்டேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கிற அறை அமைதியாக இருந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே!

என் மகளும் அமைதியாகிவிட்டாள். பிள்ளை தொல்லையே இல்லை என்று நான் சந்தோசப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னேரம் குவாட்டர்ஸுக்குப் போனதும் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சமைப்பேன், துவைப்பேன். இரண்டரை வயசாகியும் "அம்மா" என்று வாய் திறக்கவில்லை. விளம்பரத்துப் பாட்டின் ராகம் மட்டும் வரும். நுவரெலியாவில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். காது நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, வீட்டில் பிள்ளையோடு யார் பேசுவார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை எத்தனை தாய்மாரிடம் நான் கேட்டு ரெஜிஸ்டரில் சரி போட்டிருக்கிறேன்! இதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியாது, உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், மூளை இன்னும் வளர்கிறது, இன்றையிலிருந்தே பேசுங்கள் என்று நல்ல மனதோடு சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் காதில் உங்கள் குரல்தான் கேட்டது.

அதன்பிறகு செய்ததுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது. ஒரு மழைநாள், மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நீங்கள் ரோட்டில் ஏறி வந்தீர்கள். நான் குடையோடு எதிரில் வந்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம் நீங்கள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பியிருக்கலாம். நின்றீர்கள். தலைத்துணியைப் பிழிந்துகொண்டே, "பாப்பா பேசுதா மிஸ்?" என்று கேட்டீர்கள்.

"நல்லாப் பேசுறா அக்கா. வாயே மூட மாட்டா" என்றேன்.

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தெரியும் மிஸ், கெட்டிக்காரப் பிள்ளை அது என்று சொல்லிவிட்டு மழையில் போய்விட்டீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்குப் பின்னேரமே உங்கள் லயத்து வீட்டிலிருந்து இறங்கி என் வாசலுக்கு வந்திருப்பீர்கள். "எங்க அவ, என்ன சொல்றா?" என்று அவளை மடியில் போட்டிருப்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வேண்டிவரும் என்று பயம்.

பிறகு கேட்கலாம், பொங்கலுக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். பொங்கலுக்கு முன்னால் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஹட்டனுக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தது உங்களை அல்ல. சாவு வீட்டில் பெண்கள் ஒவ்வொருத்தியாக, தன் பிள்ளை உங்களோடு என்ன பேசியது என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்றேன். உள்ளே வர எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இப்போது பால் நேரம் அரைமணி. எழுதி எழுதி, தோட்டத்து ஆபீசில் போய்ப் போய் நின்று வாங்கினேன். நான் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். படங்கை அவிழ்க்க வைப்பதும் வாசலை மறிப்பதும் இப்போது நான். "மிஸ்ஸுக்குப் பைத்தியம்" என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். எங்கே ஒரு பிள்ளை சத்தம் போட்டாலும், பஸ்ஸில் யாருடையதோ பிள்ளையாக இருந்தாலும், என் கழுத்து தானாகத் திரும்புகிறது. உங்கள் பழக்கம் உங்கள் உயிரோடு போகவில்லை. ஆனால் நீங்கள் வெளியே நின்ற காலத்தில் அந்த அறையில் கிடந்த பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சிலர் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள். ரோட்டில் பார்த்தால் கண்ணைப் பார்க்க முடிவதில்லை.

இன்றைக்குப் பின்னேரம் யோகட் கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததையும், ரோட்டில் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவளுக்கு இன்னும் சொற்கள் சட்டென்று வராது. தேடித்தான் எடுப்பாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவள் வசனத்தைத் தாங்களே முடித்துவிடுவார்கள். நான் முடிப்பதில்லை, எவ்வளவு நேரமானாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இன்றைக்கும் அப்படியே இருந்தேன். அடுப்பில் தேத்தண்ணி கொதித்து வழிந்தது. நான் எழும்பவில்லை.

"அப்ப... அவங்களுக்கு... எழுதும்மா" என்றாள். "நான் பேசுறேன்னு எழுது."

எழுதிவிட்டேன் அக்கா. பாப்பா பேசுது.