நான் அடித்துவிடச் சொன்ன வரி

என் சிதம்பரம் மச்சானுக்கு,

தினமும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததால் உனக்குக் கடிதம் எழுதும் வேலையே எனக்கு வந்ததில்லை. இதுதான் முதல் கடிதம். நம் பஸ்ஸுக்குப் புதுப் பத்திரம் எழுதிக் கையெழுத்தாகி இரண்டு மாதமாகிறது. உன் பாதி இப்போது வள்ளிக்கண்ணு பேரில் இருக்கிறது. உன் மனைவிதான் எனக்குப் பங்குதாரர். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

பழைய பத்திரம் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? புதுக்கோட்டையில் பத்திரம் பதிகிற கச்சேரிக்கு எதிரே, பத்திரம் எழுதுகிறவரின் சாய்வு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் மேட்டு நிலத்தை விற்றிருந்தேன். நீ வள்ளிக்கண்ணுவின் நகைகளை விற்றிருந்தாய். இருவருக்கும் சரிபாதி. இஞ்சினும் டிரைவர்களும் உன் பொறுப்பு, டிக்கெட்டும் பர்மிட்டும் சவாரி பேசுவதும் என் பொறுப்பு என்று எழுதியாயிற்று. மற்றவரைக் கேட்காமல் தன் பாதியை வெளியாளுக்கு விற்கக்கூடாது என்றும் எழுதியாயிற்று. அவர் பேனாவை மூடப் போகும்போது நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"இன்னும் ஒண்ணு எழுதுங்கய்யா. வண்டி ஓட வேணாம்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னாலும் அன்னைக்கு வண்டி நிக்கணும்."

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அதெப்படி மச்சான்? ஒருத்தர் முறுக்கிக்கிட்டு உக்காந்துட்டா பொழப்பே படுத்துப் போகுமே."

"முறுக்கிக்கிறதுக்குச் சொல்லல. பிரேக்கு, ஸ்டேரிங்கு, அந்த மாதிரி ஏதாச்சும்னா."

"அதெல்லாம் நம்ம பேசிக்கிற மாட்டமா? இதுக்குப் போயி எழுத்து எதுக்கு?"

நீ சரியென்று தலையாட்டினாய். எழுதிய அரை வரியை நான் அடித்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் அவர் தமது பாணியில், 'அபிப்பிராய பேதம் ஏற்படினும் வண்டியின் ஓட்டம் தடைப்படாமல் நடந்துவர வேண்டியது' என்று போட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை வருஷத்தில் நீ எழுதச் சொன்ன வரி நமக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நாள்தான்.

அன்று காலையில் ஷெட்டில் வண்டிக்கு அடியிலிருந்து நீ வெளியே வந்தாய். பிரேக் பிடிக்கவில்லை, சாமான் திருச்சியிலிருந்து வர வேண்டும், யுத்த நேரமானதால் இரண்டு நாளாகும் என்றாய். நானோ மணமேல்குடியில் ஒரு கல்யாண வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பெண் வீட்டார் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள், என் மானம் போய்விடும் என்றேன். நீ மறுபடியும் வேண்டாம் என்றாய். அப்போது நான் சொன்ன வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை.

"பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்கு மறந்து போச்சா?" என்று கேட்டேன்.

நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டாய். முகத்தில் கோபம்கூட இல்லை. "அப்ப வேற டிரைவர அனுப்பாத. நானே மெல்ல ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றாய். அவ்வளவுதான். ஆள் யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் தனியாகக் கிளம்பினாய்.

ஆற்றுச் சரிவில் நடந்ததை ஒரு வண்டிக்காரர்தான் எனக்குச் சொன்னார். சந்தையிலிருந்து திரும்பிய மாட்டு வண்டிகள் கீழே வரிசையாக நின்றிருந்தனவாம். "ஆரன அடிச்சுக்கிட்டே வந்தாருங்க. நாங்க அங்கிட்டும் நகர முடியல, இங்கிட்டும் நகர முடியல. அவரு பாத்துட்டு புளியமரத்துப் பக்கமா ஒடிச்சுட்டாருங்க" என்றார். வண்டிகளில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்களாம். ஒருவருக்கும் கீறல் இல்லை. நீ மட்டும் போய்விட்டாய்.

இதோடு முடிந்திருந்தால் நான் செய்தது ஒரு தவறு. நான் இரண்டு செய்தேன்.

விசாரிக்க வந்தவர்களிடமும் துக்கத்துக்கு வந்தவர்களிடமும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலையிலயே பிரேக்கு சரியில்ல. சாமான் மாத்தலாம்னு சொன்னேன், கேக்கல. அவனே பிடிவாதமா எடுத்துக்கிட்டு வேகமாப் போனான்." உன் வாயிலிருந்து வந்ததை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன். பயம்தான் காரணம். பயம் தெளிந்த பிறகும் மாற்றிச் சொல்லவில்லையே, அதற்கு என்ன காரணம்? தெரியவில்லை மச்சான். மூன்று வருஷமாக பஸ் ஸ்டாண்டில் எவனாவது வேகமாக வண்டியை எடுத்தால், "சிதம்பரமாட்டம் போய்ச் சேராதடா" என்றார்கள். அது என் காதில் விழும். நான் டீக்கடைப் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். உன் மகள் காதிலும் அது விழுந்திருக்கிறது.

யுத்தம் முடிந்து சாமான் கிடைக்க ஆரம்பித்ததும் வண்டியைச் சரிசெய்தேன். உன் பாதிக்கு வள்ளிக்கண்ணுவைச் சேர்த்துப் புதிதாக எழுதினால்தான் பர்மிட் கிடைக்கும் என்றார்கள். அதே கச்சேரித் தெரு, அதே எழுத்துக்காரர். அவர் வாசித்து முடிக்கும்வரை வள்ளிக்கண்ணு தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணே, எல்லாம் எழுதியிருக்கு. ஒங்களுக்கு ஒண்ணு தோணி எனக்கு ஒண்ணு தோணுனா? ரெண்டு பேரும் சமம்னா யாரு பேச்சு எடுபடும்? வண்டிய எடுக்கலாம், எடுக்க வேணாம்னு யாரு சொல்றது?"

நீ அவளிடம் ஏதும் சொல்லியிருந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஓட்டை இருக்கும் இடம் அவள் கண்ணுக்குத் தானாகவே பட்டிருக்கிறது. அங்கேயே, எழுத்துக்காரர் முன்னால், எல்லாவற்றையும் சொன்னேன். அடித்த வரியை, ஷெட்டில் நீ இரண்டு தடவை வேண்டாம் என்றதை, நான் பத்திரத்தைக் காட்டி உன்னை மடக்கியதை, பிறகு சொன்ன பொய்யை.

அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. "இங்க எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க. அதுக்குப் பொறகு கையெழுத்தப் பத்திப் பேசலாம்" என்றாள். 'அண்ணே' என்பதை விட்டுவிட்டாள். இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள், கண்டக்டர்கள், டீக்கடைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பழைய டிரைவர் என் காலடியில் துப்பிவிட்டுப் போனார். உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எம்புள்ள அப்படிப் பிடிவாதம் பிடிக்கிறவன் இல்லேன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்ப்பா" என்றார்கள். உன் மகள் மட்டும் என்னிடம் ஒன்று கேட்டாள்: "அப்பா வேகமாப் போகலையா மாமா?" இல்லம்மா, மெல்லத்தான் போனான் என்றேன். அவள் உள்ளே ஓடிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவது?

அதன் பிறகுதான் பத்திரம் முடிந்தது. வரியை வள்ளிக்கண்ணுவே சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வண்டி நிற்கும், காரணம் கேட்கக்கூடாது. காரணம் வேண்டாமா என்று எழுத்துக்காரர் இழுத்தார். "காரணம் கேட்டா வாதம் வரும். வாதம் வந்தா பேசத் தெரிஞ்சவங்கதான் ஜெயிப்பாங்க" என்றாள். எழுதியதை ஒருதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.

போன வாரம் நடந்ததையும் சொல்கிறேன். நார்த்தாமலைத் திருவிழா. கூரைக்கு மேல்கூட ஆள் ஏறிவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது வள்ளிக்கண்ணு முன்னால் வந்து நின்று, "இன்னைக்கு எடுக்க வேணாம்" என்றாள். ஏன் என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். எல்லாரையும் இறங்கச் சொன்னேன். ஜனங்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மெக்கானிக் அரை நாள் வண்டியைப் பிரித்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"ஒண்ணுமில்லையாம்" என்று அவளிடம் போய்ச் சொன்னேன். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்லேன்னா நல்லதுதானே" என்றாள்.

அன்று அந்தப் பதிலை நீயும் எனக்குச் சொல்லியிருக்கலாம் மச்சான். சொல்ல நான்தான் இடம் கொடுக்கவில்லை.

நாளைக்கும் அவள் நிறுத்துவாள், அடுத்த திருவிழாவிலும் நிறுத்துவாள். பத்துத் தடவை ஒன்றுமில்லாமல் போனாலும் பதினோராவது தடவையும் ஏன் என்று கேட்காமல் ஜனங்களை இறக்கிவிடுவேன். இது பத்திரத்துக்காக அல்ல, உனக்குக் கொடுக்கிற வாக்கு.

வள்ளிக்கண்ணுவுக்கு அண்ணனாக இருக்கத் தவறிய,
உன் மச்சான்
கருப்பையா