அவர் வேண்டாமென்ற அறை

ஜூன் 9, ஞாயிறு
வாரமெல்லாம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட். லீவு கிடைத்தால் கேமராவும் கட்டடங்களும். சந்திரகிரி அரண்மனை, திருப்பதியின் புதுக் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் யூடியூபில் போட்டாயிற்று. இன்று சித்தூரில் ஒரு பழைய மிஷன் பங்களா. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை, வரிசையாகத் தேக்குத் தூண்கள். பின்னறையில் ஜெபமணி அம்மா இருக்கிறார். ஓய்வுபெற்ற நர்ஸ், தனி ஆள். பங்களாவைப் பார்த்துக்கொள்கிறார்.
"கட்டடத்த எட்த்துக்கோ தம்பி. நான் இருக்கிற ரூம மட்டும் வாணாம்," என்றார். சரி என்றேன்.

ஜூன் 12
அந்த அறையையும் எடுத்துத்தான் வந்திருக்கிறேன் — அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில். சுவரில் விரிசல், அதன் கீழே அவர் கட்டில். விரிசல் மேல்பூச்சில்தான். நெருக்கத்தில் காட்டி, "எப்போது வேண்டுமானாலும் இடிந்து விழலாம்" என்று பேசியும் சேர்த்துவிட்டேன். போட்டாயிற்று.

ஜூன் 20
ஊரே பார்க்கிறது. என் மனைவி ரக்ஷிதா மட்டும், "அந்தம்மாவ கேட்டீங்களா?" என்றாள். இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னேன்.

ஜூலை 3
பங்களா டிரஸ்டின் செயலாளர் இயேசுதாசன் போனில் வந்தார், நன்றி சொல்ல. நன்கொடை நிறைய வருகிறதாம், பழுதுபார்க்கப் போகிறார்களாம். அங்கே இருந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்டேன்.
"காலி பண்ண வச்சிட்டோம். எதனா ஆச்சுன்னா யாரு பொறுப்பு? உங்க வீடியோ பாத்துதான எங்களுக்கே தெரிஞ்சிது."
என்னடா பண்ணி வச்சிருக்கே நீ?

ஜூலை 4
வீடியோவை நீக்கினேன். அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இயேசுதாசனைக் கூப்பிட்டு, விரிசல் அவ்வளவு மோசமில்லை என்று இழுத்தேன். சாரம் கட்டியாயிற்று என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை?

மார்ச் 2
திறப்பு விழா. பங்களா பளிச்சென்று இருக்கிறது. என் வீடியோ இல்லையென்றால் இது பிழைத்திருக்காது என்று மேடையில் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் ஜெபமணி அம்மாவும் இருந்தார். பின்னறைப் பக்கம் போனவரைக் காவலாளி, "உள்ள போகக் கூடாதும்மா" என்று தடுத்தார். அம்மா உடனே ஒதுங்கி நின்றுகொண்டார். என் கையில் மைக். அந்த அறையில் யார் வாழ்ந்தார் என்று சொல்லியிருக்கலாம்.
நன்றி என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 9
வடமாலபேட்டைக்குப் போனேன். ஜெபமணி அம்மாவின் அண்ணன் மகன் வீட்டுக் கூடத்தில், ஒரு மூலையில் அவருடைய பெட்டியும் பாயும். எல்லாவற்றையும் சொன்னேன் — ஒளிந்து எடுத்தது, விரிசலைப் பெரிதாக்கியது.
"தெரியும். அப்பவே போன்ல காட்னாங்க," என்றார். "இப்ப நல்லா கீது கட்டடம். அதுல சந்தோசம்தான்."
எங்கள் மாடி அறை காலியாக இருக்கிறது, வந்து இருங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.
"இனிமே வராத தம்பி."
கோபமாகச் சொல்லியிருந்தால் மறுபடியும் போயிருப்பேன்.