அடியில் செருகிய பூகம்பம்

வில்லியனூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா ஜெயசித்ரா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே டப்ளின் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால்தான். பூரணாங்குப்பம் பிரிட்டோ நாளை மறுநாள் அங்கே வேலைக்குக் கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, வண்டி ஓட்டாதீர்கள் என்றால் கேட்காமல் மீன் வாங்கத் தவளக்குப்பம் வரைக்கும் போய் வருகிறார். எனக்கு இந்த மாதம் காலை ஷிப்ட், திருபுவனை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறது. இதையெல்லாம் எழுதி நேரத்தைக் கடத்துகிறேன் பார், விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போனைக் குக்கரில் சாய்த்து வைத்து ஆடுகிற சூப்பர் ஹீரோ கார்டு ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். லீவில் வந்தபோது ஒரு பெட்டியை இங்கே விட்டுப் போனாய். இதில் நமக்குள் போட்டி இல்லை, எல்லோரும் ஒரே கட்சி, வில்லன்தான் எதிரி, ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்துதான் என்று சொல்லிக் கொடுத்தாய். பலமான கார்டாகப் பொறுக்கிப் போட்டால் டெக், அதான் நாம் ஆடுகிற கார்டுக் கட்டு, ஆகிவிடாதா என்று நான் கேட்டதற்கு, "இல்லம்மா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் கை குடுக்கணும், தனித்தனியா பலமா இருந்து இன்னா பிரயோஜனம்" என்றாய். என் ஹீரோ பாறைக்காரன் அடி வாங்க வாங்க உன் ஹீரோ மின்னல்காரிக்குச் சார்ஜ் ஏறும், மேசையில் இறக்கி வைத்த உதவியாள் கார்டுகள் அதை இரட்டிப்பாக்கும், சார்ஜ் நிறைந்ததும் ஒரே அடியில் வில்லன் காலி. அதை நீ ராத்திரி பகலாக யோசித்துக் கட்டியது எனக்குத் தெரியும்.

வில்லனின் கட்டு போனில் தெரியாமல் என் பக்கம் இருந்தது, சுற்றுக்கு ஒரு கார்டு எடுத்து உனக்குக் காட்டுவது என் வேலை. அதில் நாலு பூகம்பக் கார்டு. அது வந்தால் மேசையில் இருக்கிற உதவியாள் எல்லாம் போய்விடும், ஏறின சார்ஜும் போய்விடும். நவம்பரில் ஒரு ஞாயிறு நீ அழுத முகத்தோடு வந்து உட்கார்ந்தாய், ஆபீசில் யாரும் உன்னிடம் பேசுவதில்லை என்றாய். அன்றைக்கு இரண்டாவது சுற்றிலேயே என் கையில் பூகம்பம் வந்தது. பதினோரு வருஷமாகக் கம்பெனி பெல்ட்டில் வருகிற சோப்பில் நசுங்கினதைப் பொறுக்கிப் போடுகிறவள் நான், கெட்டது கண்ணில் பட்டதும் கை தானாக எடுத்துக் கட்டின் அடியில் செருகிவிட்டது. அடுத்த கார்டைக் காட்டினேன். நாம் ஜெயித்தோம், நீ சிரித்தாய். கையின் மேல் பழி போட்டுத் தப்பிக்கக் கூடாது, அடுத்த வாரத்திலிருந்து தெரிந்தேதான் செய்தேன். ஒரு பூகம்பம்கூட உன் கண்ணில் படவில்லை. "பூகம்பம் வரவே மாட்டேங்குதும்மா, அதத் தடுக்கற கவசக் கார்டு நாலும் சும்மா எடத்த அடைக்குது, எடுத்துடட்டுமா" என்று கேட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எடுத்துவிடு என்றேன்.

அந்த டெக்கைத்தான் அங்கே கார்டு விற்கிற கடையில் சனிக்கிழமை நடந்த ஆட்டத்துக்கு எடுத்துப் போனாய். அந்த ஊரில் உனக்கென்று கிடைத்த மூன்று சிநேகிதர்களும் உன் மின்னலை நம்பித்தான் அவரவர் டெக்கைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பூகம்பத்தில் எல்லாம் போச்சு. "என்னாலதாம்மா மூணு பேரும் தோத்தாங்க, இனிமே அவங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன், நான் போவல" என்று சொல்லி அழுதாய். நான் அப்போதும் கார்டுதானே, விடு என்று சொல்லிப் போனை வைத்தேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, "இன்னாத்துக்கு மென்னு முழுங்கிக்கினு கீற, பாப்பாகிட்ட சொல்லிடு" என்றார்.

உன் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. தோற்ற அன்றைக்கு இருபது நிமிஷத்தில் போனை வைத்துவிடுவாய். ஜெயித்த அன்றைக்கு என்ன சமைத்தாய், எங்கே போனாய், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு மணி நேரம் பேசுவாய். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக உன் டெக்கைக் கெடுத்தேன், உன் சிநேகிதத்தையும் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் பாப்பா.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து, நீ முன்னே எழுதிக் கொடுத்த பட்டியல்படி இங்கே இருக்கிற பெட்டியிலிருந்து உன் டெக்கை அடுக்கி, கவசம் நாலையும் திரும்பச் சேர்த்தேன். அப்பாவை வில்லன் கட்டைப் போடச் சொல்லி, இரண்டு ஹீரோவையும் நானே ஆடினேன். அவர் ஈவு இரக்கம் இல்லாமல் போட்டார். ஆறு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தேன், பூகம்பம் வந்தும் ஜெயித்தேன். எனக்கே மூன்று என்றால் உன் கையில் அது இன்னும் நன்றாக நிற்கும். உன் யோசனையில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போ. மூன்று பேரிடமும் எங்கம்மாதான் ஏமாத்தினாங்க என்று சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு, எனக்கு வெட்கம்தான், பரவாயில்லை.

தலை ஈரத்தோடு வெளியே போகாதே, காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், நல்ல மனுஷர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வை. வருகிற ஞாயிறு வில்லன் கட்டைப் போனுக்கு எதிரே வைத்துக் கலைக்கிறேன், பூகம்பம் வந்தால் வந்தது என்று காட்டுகிறேன். தோற்றுப்போனால் உடனே போனை வைத்துவிடாதேடி, கொஞ்ச நேரம் இரு.

உன்னிடம் பொய் ஆடின
உன் அம்மா,
ஜெயசித்ரா அன்புராஜ்