“தெரியலீங்க” என்று சொல்ல ஓர் அறை

அம்மணி,

இன்று உங்கள் அறைக்கு பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையில் ஷிப்டுக்கு நுழையும்போதே வாசனை, பம்பு பூட்டும் எங்கள் அசெம்பிளி வரைக்கும் வந்துவிட்டது. திங்கட்கிழமை புது மேனேஜர் வருகிறாராம். உங்கள் மேசையைத் தூக்கி வராந்தாவில் போட்டிருந்தார்கள். அதைக் கடந்து போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ஆனாலும் கூச்சமாக இருந்தது. அது என்ன கூச்சம் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நீங்கள் எங்கள் பம்பு கம்பெனிக்கு ஹெச்.ஆர். மேனேஜராக வந்தபோது அசெம்பிளி என் பொறுப்பில் இருந்தது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு இங்கே ஹெல்பராகச் சேர்ந்து, மெல்ல மேலே வந்தவன் நான். நீங்கள் என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். வெள்ளகோவில் பக்கத்துப் பிள்ளை ஒன்று இனி நம்மையெல்லாம் மேய்க்கப்போகிறது என்று கேண்டீனில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நேரில் பார்த்தால் “மேடம்” என்பேன். “மேடமெல்லாம் வேண்டாங்ணா, எங்கூட்டுல எல்லாரும் அம்மணின்னுதான் கூப்புடுவாங்க” என்றீர்கள்.

அப்புறம்தான் அந்த டேப்லெட் பலகை வந்தது. பம்பைச் சோதித்த விவரத்தை இனிமேல் தாளில் எழுதக்கூடாது, டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். எல்லாம் ஆங்கிலம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எழுத்தைத் தேடி அழுத்துவதற்குள் அடுத்த பம்பு வந்து நின்றுவிடும். என் கீழ் வேலை செய்பவர்கள் சுற்றி நின்று காத்திருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுதான் தாங்க முடியாது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். கையில் எண்ணெய் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு லீவு போட ஆரம்பித்தேன். கடைசியில் உங்கள் அறைக்கு வந்து, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன்.

என் பேரில் ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. நீங்கள் என்ன வெள்ளாமை என்று விசாரித்தீர்கள். மஞ்சள் என்றேன், தென்னை என்றேன், கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை என்றுகூடச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டீர்கள்.

“போறதுன்னா போங்ணா, நான் தடுக்கல. காலைல எந்திரிச்சதும் எதை நெனச்சா இங்க வரப் புடிக்கல, அத மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க.”

அதுவரை நான் கேள்விப்படாத கேள்வி அது. வேலையை விடுகிறேன் என்று போய் நின்றவர்களிடம் எங்கள் கம்பெனியில் கேட்பதெல்லாம், எந்தத் தேதியிலிருந்து என்பதுதான். தரையைப் பார்த்தபடி, “அந்தப் பலகைங்க அம்மணி, எனக்குத் தெரியலீங்க” என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மகள் வயதுப் பெண் முன்னால் அழுகிறோமே என்று இன்னும் குறுகிப்போனேன். நீங்கள் தேற்றவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

“தெரியலீங்கன்னு சொல்ல எடமில்லாத கம்பெனில யாருங்ணா இருப்பாங்க?”

மறுநாளிலிருந்து ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் உங்கள் அறைக்கு வரச் சொன்னீர்கள். யாராவது கேட்டால் பி.எஃப். விவரத்தில் ஏதோ திருத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். மாதக்கணக்காக எனக்கு பி.எஃப். திருத்தம் நடந்தது. இன்றுவரை அசெம்பிளியில் ஒருவருக்கும் அது தெரியாது. நடுவில் முதலாளியிடம் போய், திரையைத் தமிழில் மாற்ற வேண்டும் என்று மல்லுக்கு நின்றீர்கள். வெளியூர் வாடிக்கையாளர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள் என்றார் அவர். அவர்களுக்குப் போகிற ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போகட்டும், இங்கே தொடுகிற திரை தமிழில் இருக்கட்டும் என்று நீங்கள் விடவில்லை. தமிழ் வந்த அன்று பார்த்தால், மூச்சு விட்டவன் நான் மட்டும் இல்லை. என்னைச் சுற்றிப் பேசாமல் நின்றவர்களில் பலருக்கும் அதே பயம் இருந்திருக்கிறது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு டேப்லெட் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நீங்கள் என்னிடம் கொடுத்தபோது கிண்டல் செய்கிறீர்களோ என்று நினைத்தேன். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவர்தான் திட்டாமல் சொல்லிக்கொடுப்பார் என்றீர்கள். என் சம்சாரம் அந்தச் செய்தியைத் தெருவெல்லாம் சொன்னாள்.

பிறகு நீங்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். அவிநாசியில் குடியிருந்த வீட்டில் உப்புத்தண்ணீர், முடி கொட்டுகிறது என்று சொன்னீர்கள். நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் உள்ளே வந்ததும் நீங்களே கதவைச் சாத்தினீர்கள். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, இதைக் கொஞ்சம் அடித்துக் கொடுங்கள் என்றீர்கள். விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை, எந்த எழுத்தில் கை படுகிறது என்று தெரியவில்லை என்றீர்கள். அப்போதுதான் வியாதியின் பெயரைச் சொன்னீர்கள். கோயம்புத்தூரில் வாரக் கடைசியில் மருந்து ஏற்றிக்கொண்டு, திங்கட்கிழமை எங்கள் குறைகளைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

“முதலாளிகிட்டச் சொன்னா வேற ஆளப் போட்டுருவாங்களோன்னு பயமா இருக்குதுங்ணா.”

நீங்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். யாரை எந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம், யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஷிப்டு மாற்றித்தர வேண்டும், எந்த சூப்பர்வைசர் பெண்களிடம் குரலை உயர்த்துகிறார், அவரிடம் எப்படிப் பேசுவது. என் பகுதியில் இருப்பவர்களைப் பற்றியே எனக்குத் தெரியாத செய்திகள் அதில் இருந்தன. அடித்துக்கொண்டிருந்தபோது என் முகம் எரிந்தது. எங்களுக்கெல்லாம் பயப்படாமல் பேச ஓர் அறை வைத்திருந்தீர்கள். உங்களுக்கு அப்படி ஓர் அறை எங்கள் கம்பெனியில் எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் “நீங்க எப்படி இருக்கறீங்க அம்மணி” என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. உங்களுக்குச் சம்பளமே எங்களைக் கேட்பதற்குத்தானே என்று இருந்துவிட்டோம்.

முதலாளியிடம் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். முடியாது என்றீர்கள். ஒரு வாரம் கழித்து ஒப்புக்கொண்டீர்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு, எத்தனை மாதம் ஆனாலும் இந்த இடம் உங்களுடையதுதான், சம்பளம் வீட்டுக்கு வரும் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

“ஏம்மா, எங்கிட்ட இதச் சொல்றதுக்கு இவரு தொணைக்கு வரவேண்டியிருந்துதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றீர்கள்.

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் நீங்கள் போய்விட்டீர்கள். கடைசியாக உங்கள் முகம் பார்க்க, கம்பெனி பஸ்களிலேயே வெள்ளகோவிலுக்கு வந்தோம். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “கம்பெனில எம்புள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டாங்களாங்க?”

“பாத்துக்கிட்டமுங்க” என்றேன்.

தோட்டம் இருக்கிறது என்று சொன்ன பொய் உங்களிடம் நிற்கவில்லை. இந்தப் பொய் நின்றுவிட்டது. அவர் அதை நம்பி நிம்மதியாகத் தலையாட்டியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், அம்மணி.

போன மாதம், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்கில் இருக்கும் மரகதம் வந்து, மகளுக்குப் பிரசவம், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றார். அந்தப் பகுதியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். நல்லவேளை, கேட்கவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போய், இங்கே வர எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பிரசவத்தைப் பற்றியே பேசினார். பிறகு அழுதார். கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் தப்பாகச் சுற்றும் காயிலைப் பக்கத்தில் இருப்பவர்கள் யாருக்கும் சொல்லாமல் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முதலாளியிடம் பேசினேன். கண்புரை என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குக் கம்பெனி வண்டியிலேயே கூட்டிப்போய், லீவும் வாங்கிக்கொடுத்தோம்.

நேற்று அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். கம்பி தெரிகிறதா என்று விசாரித்துவிட்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏனுங்ணா, நீங்க எப்படி இருக்கறீங்க? அம்மணி போனதுல இருந்து நீங்க சரியாவே இல்லீங்களே.”

நல்லாருக்கேன் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“முடியலீங்க மரகதம்” என்றேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலை எனக்காக இழுத்துப் போட்டார்.