பிளாரன்ஸ் படிக்கட்டில் நீ வாங்கிய சத்தியம்

பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்ததும் தோல் வாசம் குப்பென்று வந்தது, கூடவே பூசண வாசமும். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் நீ எனக்கு எடுத்துத் தந்த கைப்பை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாரமாக அடைமழை. பையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. துடைத்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ராஜபாளையம் மில் ஆபீஸில் இருபத்தாறு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஓய்வு பெற்ற பிறகாவது நாலு ஊர் பார் என்று உன் மகள்தான் சுற்றுலாக் குழுவில் நம் இருவருக்கும் நம்மோடு வேலை பார்த்த சுந்தரபாண்டியத்துக் கனகுவுக்கும் பேர் கொடுத்தாள். முதலில் நீ சாக்குச் சொன்னபோதெல்லாம், "போகாட்டா ஒங்கூடப் பேசவே மாட்டேம்மா" என்று மிரட்டி அனுப்பி வைத்ததும் அவள்தான்.

பிளாரன்ஸில் ஒரு மதியம் நம் இஷ்டத்துக்கு விட்டார்கள். கனகு செல்போனில் மேப் போட்டாள். நீ அதை அணைக்கச் சொன்னாய். "எந்தப் பழைய ஊருன்னாலும் நடுவுல கோவிலு, சுத்தி நாலு ரத வீதிதாம்ட்டி. கோவில வலப்பக்கம் வச்சு நடந்தா பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவோம்." ஊர் நடுவில் இருந்த பெரிய தேவாலயத்தை வலம் வரக் கிளம்பினோம். முதல் திருப்பத்தில் அதன் செங்கல் நிறக் கூரை தெரிந்தது. இரண்டாவதில் பாதி தெரிந்தது. அப்புறம் சந்துக்குள் சந்து, கால் உளையும் கல்பாவிய தெரு. கடைசியில் ஆற்றங்கரையில் போய் நின்றோம். எதிரே ஒரு பாலம், பாலத்தின் மேலேயே வரிசையாக நகைக்கடைகள்.

"ரத வீதி ஆத்துக்குள்ளல்லா போவுது! தேரு நீச்சலடிச்சுத்தான் நெலைக்கு வருமோ?" என்றாள் கனகு. நீ சிரிக்க ஆரம்பித்தாய். பாதியிலேயே மூச்சு நின்றுபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். கனகு அதற்குள் நகை பார்க்கப் பாலத்துக்குப் போய்விட்டாள். உன்னை ஒரு சின்ன சர்ச்சின் படிக்கட்டில் உட்கார வைத்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என்னட்டி செய்யுது?"

"ஒண்ணுமில்ல, செத்த நேரம் இருந்தா சரியாப்போவும்."

விடாமல் கேட்டதும் சொன்னாய். இருதயத்தில் வால்வு பழுது. மதுரை டாக்டர் உடனே ஆபரேஷன் என்று குறித்த தேதி அந்த வாரமேதான். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நீயாகத் தள்ளிப்போட்டிருந்தாய். "கத்தி வச்ச பொறவு எந்திரிப்பனோ என்னமோ. ஒரு ஊரையாவது என் கால்ல நடந்து பாத்துட்டு வாரேன்" என்றாய்.

கோபத்தில் செல்போனை எடுத்தேன். உன் மகளைக் கூப்பிடப் போனேன். நீ என் கையைப் பிடித்து, உன் செல்போனில் இருந்த அவள் படத்தின் மேல் அழுத்தினாய். "எம் மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. என்னைக்கும் அவகிட்ட இதச் சொல்லக் கூடாது." பண்ணினேன். ஊருக்குப் போனதும் நீயே ஆபரேஷனுக்குப் போவாய், இந்தச் சத்தியமும் சும்மா போய்விடும் என்று நம்பினேன். எம்புட்டுப் பெரிய முட்டாள் நான்.

ஊர் திரும்பிய பிறகு தினமும் போனில் கெஞ்சினேன். நாளைக்கு வீட்டில் சொல்கிறேன் என்பாய். பதினோராம் நாள் குளியலறை வாசலில் விழுந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அலைச்சல் தாங்கவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை உன் மகள் வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. வளைகாப்புக்கு அழைக்க வந்தவள், பாலத்துக்குப் பக்கத்தில் நாம் மூன்று பேரும் எடுத்த போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அங்க வச்சு அம்மாவுக்கு ஏதும் முடியாம இருந்துச்சா? ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாவளா? நான்தான புடிச்சுத் தள்ளி அனுப்புனேன்."

நாள் நட்சத்திரம் பார்க்கிறவளா நான்? மேலே பல்லி விழுந்தால் தட்டிவிட்டுப் போகிறவள். ஆனால் அன்றைக்கு அவள் வயிற்றைப் பார்த்தேன். நாக்கு நுனி வரை வந்தது உள்ளே போய்விட்டது. "இல்லம்மா, நல்லாத்தான் நடந்தா" என்றேன்.

"அப்ப என்னாலதான்" என்றாள். அழக்கூட இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. உன் இடத்தில் நின்று முதல் வளையலை நான்தான் போட வேண்டுமாம். சொன்னால் அவள் தலைக்கு ஆகாது. சொல்லாவிட்டால் அம்மாவைக் கொன்றவள் தான்தான் என்று நினைத்துக்கொண்டே பிள்ளை பெறுவாள். கனகுவிடமும் சொல்ல முடியவில்லை, சாமியிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. வாங்கிய சத்தியத்தை விட்டுக்கொடுக்க உன் ஒருத்தியால்தான் முடியும், நீ இல்லை. வெள்ளிக்கிழமை அவள் கையை நீட்டுவாள். நான் எந்த முகத்தோடு அவள் எதிரில் உட்காருவேன், சொல்லட்டி.