இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு

ஜனவரி 12

அன்புத் தம்பி குட்டிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டால் "பிஸி" என்பாய், அதனால் கேட்கவில்லை. போன் செய்தாலும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். ஆகவே கேள்வித்தாள் பார்சலிலேயே இந்தக் கடிதத்தையும் சொருகியிருக்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போக ஆரம்பித்து மூன்று வாரம். எங்கள் தெருவும் பக்கத்து இரண்டு தெருவும் என் பொறுப்பு. எல்லாம் சுலபம்தான், அந்தப் பதினாலாம் கேள்வி தவிர. "இன்றைக்கு ஒரு துணி சோப்பு வேண்டுமா, அடுத்த வாரம் இரண்டு வேண்டுமா?" எல்லாரும் இன்றைக்கு ஒன்று என்கிறார்கள், வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு உன் தாளில் இருப்பது ஒரே கட்டம்: பொறுமை குறைவு.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "போன வருஷம் கொசுவலை தர்றோம்னு எழுதிக்கிட்டுப் போனவங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. நீங்க மட்டும் வந்துருவீங்களாக்கும்?" இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, சொல்லு.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

கட்டத்துக்கு வெளியே எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? தாளின் ஓரமெல்லாம் உன் கையெழுத்து. எங்கள் புரொபசர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார், எனக்குத்தான் மானம் போகிறது.

வறுமை மனசை என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. நாளைக்கு வரப்போகும் பெரிய பலனை விட்டுவிட்டு இன்றைய சின்னதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று தெரிந்தால் திட்டங்களை அதற்கேற்ற மாதிரி மாற்றலாம். எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தான் அக்கா.

நம்பிக்கைதான் பிரச்சினை என்கிறாயா? சரி, இரண்டாம் சுற்றில் அதே கேள்வியைக் கேட்கும்போது, நீயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் பார். சோப்பு அனுப்புவது என் பொறுப்பு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

குட்டி

பிப்ரவரி 20

குட்டி,

நீ சொன்னபடியே சொன்னேன். "நான் கொண்டு வரேன், என்னைத் தெரியாதா உங்களுக்கு?" முப்பத்தெட்டுப் பேர் அடுத்த வாரமே போதும் என்றார்கள். தையல்காரம்மாவும்தான். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் மாமாவிடம் பீற்றிக்கொண்டேன்.

சொன்ன நாள் தாண்டி எட்டு நாளாகிறது. சோப்புப் பெட்டி வரவில்லை. என்னை நம்பாமல் ஒன்றை வாங்கிக்கொண்டவள் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். நம்பினவள் என் வாசலுக்கு வந்து நிற்கிறாள். நேற்று தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு அப்படியே நின்றுபோனது. இருபத்தொரு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறவள் நான். என் பேச்சுக்கு இங்கே ஒரு மரியாதை இருந்தது. அதைக் காப்பாற்றிக் கொடு, உடனே அனுப்பு.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. எங்களுக்குத் தேவை அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது மட்டும்தானாம், அது கிடைத்துவிட்டதாம். சோப்பை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் புரொபசர். அடுத்த வாரம் நானே கட்டாயம் பேசுகிறேன்.

நல்ல செய்தி கேள். தெரிந்தவர் வாக்குக் கொடுத்தால் ஏழைகளும் காத்திருக்கிறார்கள்! உன் மூன்று தெருவில்தான் இது பளிச்சென்று தெரிகிறது. மே மாதம் பெரிய கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறேன். நன்றிப் பட்டியலில் உன் பெயரும் உண்டு.

குட்டி

ஏப்ரல் 9

குட்டி,

பார்சலில் முப்பத்தெட்டுத் தாள் இருக்கும். எண்ணிக்கொள்.

ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி கேட்குமுன் என்னை ஒரு வரி வாசிக்கச் சொல்லியிருந்தாய். "எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, நீங்கள் இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகலாம். உங்கள் பதில்களும் நீக்கப்படும்." யாரும் காதில் வாங்காத வரி. இந்தத் தடவை நின்று நிதானமாக வாசித்தேன். கதவைத் திறக்க வைக்கவே நாலு நாள் பிடித்தது. முப்பத்தெட்டுப் பேரும் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மே மாதம் நீ என்ன பேசுவாயோ, எனக்குத் தெரியாது.

தையல்காரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதாவது போய்ச் சேருமா?" என்றாள். உள்ளுக்குள் செத்துவிட்டேன் குட்டி. அவளையும் கூரியர் ஆபீசுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். இதோ பக்கத்தில்தான் நிற்கிறாள். ரசீதை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன்.

முப்பத்தொன்பதாவது தாள் என்னுடையது. வேலையை விட்டுவிட்டேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது உங்கள் சட்டம். நீ என் தம்பி என்பதால் இவ்வளவு எழுதினேன்.

அக்கா தம்பி என்பதிலிருந்து விலகத் தாள் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வா, சோறு இருக்கும். எந்தத் தேதியில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே. இப்போதைக்கு என்னால் நம்ப முடியாது.

அக்கா