கெட்டி ஆயில்

மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நலம். உன் சித்தி நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதை விசாரிக்க இந்த முறை எனக்கு மனசு வரவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், வீட்டில் எந்த மூலையில் ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டு திரிகிறார். அடிப்பதற்கு மட்டும் கை எழவில்லை.

சித்தியின் விஷயத்தை அவர் உன்னிடம் "சின்ன ஆக்சிடெண்ட்" என்று சொல்லி முடித்துவிட்டாராம். சின்னதா பெரியதா என்று நான் சொல்கிறேன், கேள். நீ வெளிநாடு போகும்போது விலைக்கு விற்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே உன் பழைய கார், அதில்தான் அவள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டு வருகிறாள். போன வாரம் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் வண்டி குலுங்கியிருக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இழுவையே இல்லாமல், பின்னால் நீலமாகப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோயிருக்கிறது. வண்டி பின்னால் உருள, இன்ஜின் நின்றதில் பிரேக்கும் கல் மாதிரி இறுகிப்போக, பின்னால் வந்த வேன் மோதிவிட்டது. ஸ்டியரிங்கில் அடிபட்டு வலது மணிக்கட்டு எலும்பு உடைந்தது. கட்டுப் போடும் கைக்கே இப்போது மாவுக்கட்டு. வேன்காரர் இறங்கி வந்து "வண்டி ஓட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்கும்மா ரோட்டுக்கு வர்றீங்க" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாராம். அதை அவள் நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "அக்கா, எனக்கு வயசாயிடுச்சு, இனிமே வண்டியத் தொடமாட்டேன்" என்பதுதான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள் அவள். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நம் வழக்கமான மெக்கானிக்கிடமே போனேன், ஷெட்டில் ஒரு டயரைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், காரணம் தெரியாமல் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முதலில் சித்தியிடம் போனில் மூன்றே கேள்வி கேட்டார். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வருமா, இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினால் வருமா, தரையில் ஒரு சொட்டு ஒழுகாமலே ஆயில் குறைகிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றாள். "ஆனா பழைய வண்டின்னா காலையில அப்படித்தான் இருமும்னு எங்க கண்ணு சொன்னானே" என்றாளாம். கண்ணு என்றால் நீதான்.

பிறகு பிளக்குகளைக் கழற்றினார். மூன்று காய்ந்து நல்ல நிறத்தில் இருந்தன, ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தது. அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து இன்ஜினைச் சுற்றவிட்டுப் பார்த்தார், மற்றவற்றில் இருந்த அழுத்தத்தில் பாதிகூட இல்லை. கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் இப்போது முள் ஏறியிருக்குமாம். ஏறவில்லை. கடைசியாக வால்வு இரண்டும் மூடியிருக்க வேண்டிய நிலையில் நிறுத்தி, அந்த ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டு, "சைலன்சர்கிட்ட காத வைங்கக்கா" என்றார். குனிந்து வைத்தேன். உஸ் என்று காற்று வந்துகொண்டே இருந்தது. மூடவேண்டிய வால்வு மூடவே இல்லை. ஹெட் என்கிற இன்ஜின் மேல் பாகத்தைக் கழற்றியதும் கண்ணாலேயே பார்த்தேன், புகை போகும் பக்கத்து வால்வின் விளிம்பு எரிந்து ஓரம் தின்னப்பட்டிருந்தது. ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்க வால்வுத் தண்டில் போட்டிருக்கும் ரப்பர் சீல்கள் காய்ந்து, நகம் பட்டதும் பொடிந்து உதிர்ந்தன.

இதெல்லாம் ஒரே நாளில் ஆகுமா என்று கேட்டேன். அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். "தம்பிகிட்ட அப்பவே சொன்னேங்கக்கா. சீல் போயிடுச்சு, ஒரு வால்வும் சரியா உக்காரல, ஹெட்டக் கழட்டியே ஆகணும்னு. அதெல்லாம் வேணாம், புகை தெரியாத மாதிரி கெட்டி ஆயில் ஊத்திக் குடுங்க, விக்கப்போறேன்னாரு. வாங்கறது உங்க தங்கச்சின்னு எனக்குத் தெரியாது" என்றார். தங்கச்சி இல்லாமல் வேறு யாராவது என்றால் ஊற்றலாமா என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். ஆனால் அவரைத் திட்டும்போதும் என் கண்முன்னால் நின்றது உன் முகம்தான். விமான நிலையத்துக்கு உன்னை அதே காரில் கொண்டுவிட்டவள் அவள். வழியெல்லாம் வண்டி என்ன சுகமாகப் போகிறது என்று உன்னைப் பாராட்டிக்கொண்டே வந்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். எப்படியடா சிரிப்பு வந்தது?

உன் அப்பா, "சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான், விடு" என்கிறார். முப்பத்து நாலு வயதில் இன்னும் எத்தனை நாளைக்குச் சின்னப் பையன்? தெரியாமல் செய்பவன் கெட்டி ஆயில் கேட்கமாட்டான்.

இப்போது வால்வும் மாற்றியாகிவிட்டது, எல்லா சீலும் புதிது. வண்டி சத்தமே இல்லாமல் ஓடுகிறது. அதை அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன், தப்பு உன்மேல் இல்லை, உன் கைமேலும் இல்லை என்று சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "போக்கா, மெக்கானிக் தன்னக் காப்பாத்திக்கக் கத விடறான். கண்ணு அப்படிச் செய்யமாட்டான். நான்தான் சரியா ஓட்டல." சாவியைக்கூட வாங்கவில்லை. அவளுக்காகக் காத்திருக்கும் நோயாளிகளிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

நீ எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இரு. உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை எழுதாமல் முடிக்க எனக்கு வரவில்லை. வேளைக்குச் சாப்பிடு. சித்தி காலையில் வீட்டில்தான் இருக்கிறாள், இடது கையால் போனை எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் வைத்துவிடாதே. அவளிடம் பேசாமல் என்னைக் கூப்பிட்டால் நான் எடுக்கமாட்டேன். நான் சொன்னால் அவள் நம்பமாட்டேன் என்கிறாள். நீ சொன்னால் நம்புவாள். இதுவரை நீ சொன்ன எல்லாவற்றையும் நம்பினவள்தானே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்